நூறு வயது ரேடியோவும் நம் வீட்டு அலுமாரியில் கிடக்கும் கசெட்டுகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது கடைசி வரைக்கும் வாசியுங்கள். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

2025 டிசம்பர் 16 ஆம் திகதியோடு இலங்கையில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கி நூறு வருடங்கள் நிறைவாகின. அந்த நாட்களில் நமதூர் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரு படம் சுற்றியது. "ஆசியாவின் முதலாவது வானொலி நிலையம் நம் நாட்டில்தான்" என்று அதில் இருந்தது. பிள்ளைகளும் அதைக் காலைக் கூட்டத்தில் வாசிப்பதற்கு எழுதிக்கொண்டு வந்தார்கள். "முதலாவது" என்ற சொல்லை எடுத்துவிட்டு "மிகப் பழைய நிலையங்களில் ஒன்று" என்று போடச் சொன்னோம். அதற்குக் குழுவில் நல்ல ஏச்சுக் கிடைத்தது. "ஏன் சேர், நம்மட நாட்டுக்கு ஒரு பெருமை கிடைச்சாப் பொறுக்காதா?" என்று ஒரு காக்கா கேட்டார்.

அவருக்குக் குழுவில் விரிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கேடிகேஏ என்ற நிலையம் 1920 நவம்பர் 2 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. பீபீசி 1922 நவம்பரில் லண்டனில் தொடங்கியது. நம் பக்கத்தில், மதராஸில் ஒரு வானொலிக் கழகம் 1924 இலேயே ஒலிபரப்பை நடத்தியது. பணம் இல்லாமல் 1927 இல் அதை நிறுத்த வேண்டி வந்தது. டோக்கியோ வானொலி 1925 மார்ச் 22 இல் தொடங்கியது. கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16 இல். டோக்கியோவுக்கும் கொழும்புக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒன்பது மாதங்கள். கணக்கு இவ்வளவுதான். இதில் யாருடைய பெருமையும் குறையவில்லை.

நமது கதை "முதலாவது" என்ற சொல் இல்லாமலே நல்ல கதைதான். தந்தித் திணைக்களத்தில் பிரதம பொறியியலாளராக 1921 இல் வந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்பவர், 1923 இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். அந்த ஒலிபரப்பிக் கருவியைக் கடையில் வாங்கவில்லை. முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவியிலிருந்து எடுத்த பாகங்களைக் கொண்டு திணைக்களத்துப் பொறியியலாளர்களே கட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து வெலிக்கடையில் ஒரு கிலோவாட் வலுவுடன் நிரந்தர ஒலிபரப்புத் தொடங்கியது. போருக்குப் பயன்பட்ட இரும்பிலிருந்து பாட்டு வந்தது என்று தரம் 9 பிள்ளைகளுக்குச் சொன்னபோது, "முதலாவது" என்ற சொல்லைப் பற்றி ஒருவரும் அதன்பின் கேட்கவில்லை.

உண்மையான பெருமை அதற்கும் இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு வந்தது என்பது நம் கருத்து. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்கிழக்காசியப் படைகளுக்காக இங்கே ஒரு பலமான சிற்றலை நிலையம் அமைந்தது. போர் முடிந்து அது நம் கைக்கு வந்தது. 1949 இல் 'ரேடியோ சிலோன்' என்ற பெயர், 1950 செப்டெம்பர் 30 இல் வர்த்தக சேவை. அந்த நேரம் பார்த்து 1952 இல் இந்தியாவின் தகவல் அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தார். இந்தியாவின் நேயர்கள் எல்லாம் முள்ளைத் திருப்பினார்கள். கொழும்புக்குத்தான் திருப்பினார்கள். அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' பம்பாயில் பதிவாகி, கொழும்புக்கு விமானத்தில் வந்து, இங்கிருந்து இந்தியாவுக்குப் போனது. தமிழ்ப் பக்கத்தில் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போனது. பின்னால் வந்த பி.எச். அப்துல் ஹமீதை இந்தியாவில் இன்றைக்கும் அறியாதவர் குறைவு. ஒரு நாட்டின் கட்டுப்பாட்டைப் பக்கத்துச் சின்ன நாட்டின் வானொலி தாண்டிப் போன கதை அது. கடைசியில் இந்தியாவே 1957 இல் 'விவித் பாரதி'யைத் தொடங்க வேண்டி வந்தது.

இந்தச் சங்கதியெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். நம் ஊருக்குள் நடந்தது புத்தகத்தில் கிடைக்காது.

நம் மூத்தாப்பா காலத்தில் ரேடியோ ஒரு வீட்டுப் பொருளாக இருக்கவில்லை, அது ஒரு இடமாக இருந்தது. வால்வு ரேடியோ உள்ள வீட்டுத் திண்ணையில் பின்னேரம் ஆட்கள் கூடுவார்கள். 1954 இல் அமெரிக்காவில் முதலாவது டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்தது. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தோணியிலும், வயல் வாடியிலும், தேத்தண்ணிக் கடையிலும் ரேடியோ பேசத் தொடங்கியது. கரண்ட் வராத ஊருக்கும் ரேடியோ வந்தது. நாலு பெற்றரி இருந்தால் போதும்.

முஸ்லிம் நிகழ்ச்சி நமக்கு என்னவாக இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழும்பும் வீடுகளில் முதலில் ரேடியோதான் எழும்பும். பெருநாள் பிறைக்கு, கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் எடுக்கப்படும் முடிவு ரேடியோவில் வரும்வரைக்கும் பிள்ளைகள் தூங்கமாட்டார்கள். உம்மாமார் அடுப்படியிலிருந்தே "என்னவாம்? என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். நம் எழுத்தாளர்கள் எத்தனையோ பேர் உரைச்சித்திரம், நாடகம், கவிதை என்று எழுதிக் கொழும்புக்குத் தபாலில் அனுப்பினார்கள். தங்கள் பெயர் வாசிக்கப்படும் நாளில் தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார்கள்.

பிறகு டீவி வந்தது. லண்டனில் ஜோன் லோகி பெயார்ட் 1926 ஜனவரி 26 இல் விஞ்ஞானிகளுக்கு அசையும் உருவத்தைக் காட்டினார். பீபீசி 1936 நவம்பரில் ஒழுங்கான தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. நம் நாட்டுக்கு 1979 ஏப்ரலில் ஐடிஎன் வந்தது. முதலில் கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. ஜப்பானின் உதவியோடு 1982 பெப்ரவரி 15 இல் ரூபவாஹினி தொடங்கியது. நம் பக்கத்தில் டீவி உள்ள வீட்டில் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

அப்போது பெரியவர்கள் எதிர்த்தார்கள். "வீட்டுக்குள்ள ஷைத்தானை வெக்கப் போறீங்களா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரிக்க வேண்டியதில்லை. புதிதாக ஒரு சாதனம் வரும்போது இது நம்மை என்ன செய்யும் என்று கேட்பது நல்ல கேள்வி. போனைப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போது நாம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லையே.

அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்ட ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எகிப்திய வானொலி 1934 மே 31 இல் தொடங்கியது. முதல் நாள் ஓதியவர் ஷெய்க் முஹம்மத் ரிஃப்அத், கண்பார்வை இல்லாத காரி. ஓத அழைத்ததும் அவர் உடனே போகவில்லை. குர்ஆனை இப்படி ஒரு கருவி வழியாக ஓதலாமா, எந்த மாதிரியான இடத்தில் அதைக் கேட்பார்களோ என்று தயங்கினார். உலமாக்களிடம் கேட்டு, அல்அஸ்ஹரின் இசைவைப் பெற்றுக்கொண்ட பிறகே மைக்கின் முன் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவருடைய குரலைக் கேட்க கெய்ரோவின் கோப்பிக் கடைகளில் ரேடியோவைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். எகிப்தின் குர்ஆன் வானொலி 1964 மார்ச்சில் தொடங்குவதற்கு முப்பது வருடங்களுக்கு முந்திய சங்கதி இது.

இனி நாம் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறோம். அவருடைய ஓதலில் பெரும்பகுதி நேரடியாகப் போனது. காற்றோடு போனது. பிற்காலத்தில் நோயினால் குரலை இழந்து, 1950 இல் வபாத்தானார். இன்றைக்கு யூடியூபில் அவருடைய குரலைக் கேட்கிறோம். அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை எங்கிருந்து வந்தன தெரியுமா? அவர்மேல் பிரியம் கொண்ட ஒரு சிலர் தங்கள் வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் கருவியை வைத்து இசைத்தட்டில் பதிந்தவை அவை. சத்தம் கரகரக்கும். சில இடத்தில் அறுந்து போகும். ஆனாலும் அதுதான் இருக்கிறது.

இது எகிப்தில் மட்டும் நடந்ததென்று நினைக்க வேண்டாம். 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் கால் வைத்ததை ஏறக்குறைய அறுபது கோடிப் பேர் டீவியில் பார்த்ததாக மதிப்பிடுகிறார்கள். அந்தக் காட்சி முதலில் பதிவான நாசாவின் மூலநாடாக்கள் பிற்காலத்தில் அழிக்கப்பட்டு மறுபடியும் பாவிக்கப்பட்டுவிட்டன என்று நாசாவே 2009 இல் சொன்னது. நாடா தட்டுப்பாடு. பீபீசி அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தன்னுடைய பழைய நிகழ்ச்சி நாடாக்களை அழித்து அதற்கு மேலே புதியதைப் பதிந்தது. 'டொக்டர் ஹூ' என்ற பேர்பெற்ற தொடரின் பல அத்தியாயங்களின் படம் இன்றைக்கு இல்லை. ஆனால் எல்லா அத்தியாயங்களின் ஒலியும் இருக்கிறது. ஏனென்றால் சில நேயர்கள் வீட்டில் டீவிக்கு முன்னால் டேப் ரெக்கோடரை வைத்துப் பதிந்திருந்தார்கள்.

பெரிய நிறுவனங்கள் அழித்ததைச் சாதாரண வீடுகள் காப்பாற்றியிருக்கின்றன. ஒலிபரப்பின் வரலாற்றில் யார் முதலில் பேசினார் என்பதை நாம் மனப்பாடம் செய்கிறோம். யார் எடுத்து வைத்தார் என்பதை ஒரு பரீட்சையிலும் கேட்பதில்லை.

நூற்றாண்டை ஒட்டி எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் பழைய ரேடியோ, கசெட், டேப் ரெக்கோடர் ஏதும் இருந்தால் உம்மா வாப்பாவிடம் கேட்டு அதன் கதையை எழுதி வாருங்கள் என்றோம். முப்பத்தி நாலு பிள்ளைகள். வேலை செய்யும் ரேடியோ உள்ள வீடு மூன்று. கசெட் உள்ள வீடு பதினொன்று. அதைப் போட்டுக் கேட்க ஒரு கருவியும் எந்த வீட்டிலும் இல்லை.

அதில் ஒரு பிள்ளை ஒரு கசெட்டை பிஸ்கட் டின்னில் வைத்துக் கொண்டு வந்தாள். "சேர், இதுல எங்கட மூத்தம்மாட குரல் இரிக்காம். மூத்தாப்பா சவூதில இரிக்கக்குள்ள அனுப்பினதாம்" என்றாள். அவளுடைய மூத்தம்மா 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது போனவர். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வீட்டோடு போட்டோக்களும் போய்விட்டன. அடையாள அட்டைப் போட்டோ கூட மிஞ்சவில்லை. மூத்தாப்பா சவூதியிலிருந்து திரும்பி வந்தபோது கொண்டுவந்த பெட்டியை அவருடைய தங்கச்சி வீட்டில், கடலுக்குத் தூரமான பக்கத்தில் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் கிடந்ததுதான் இந்தக் கசெட்.

நம்மூரில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு எழுதத் தெரியாத உம்மாமாரும் மனைவிமாரும் கசெட்டில் பேசித்தான் அனுப்பினார்கள். இன்றைக்கு வட்ஸ்அப்பில் வொய்ஸ் போடுகிறோமே, அதன் மூத்தம்மா அது. 1963 இல் பிலிப்ஸ் கம்பனி அந்தச் சின்னக் கசெட்டை பெர்லின் கண்காட்சியில் காட்டியபோது, நம் கரையோரத்து ஒரு பெண் அதைக் கடிதமாக மாற்றுவாள் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

எங்களிடம் பொறுமை இல்லை. ஸ்டாப் ரூமில் கிடந்த பழைய டேப் ரெக்கோடரில் உடனே போட்டோம். அதுதான் நாங்கள் விட்ட பிழை. இரண்டு நிமிசம் ஓடியதும் நாடா ரோலரில் சுற்றி அறுந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு பக்கத்து ஊரில் டீவி ரேடியோ திருத்தும் ஒரு நானாவிடம் கொண்டுபோனோம். அவர் உறையைக் கழற்றி, அறுந்த இடத்தைப் பிசகாமல் ஒட்டி, வேறு உறையில் மாற்றித் தந்தார். காசு வாங்கவில்லை. நசுங்கிப்போன ஒரு துண்டு மட்டும் போனது போனதுதான். ஒரு நிமிசம் இருக்கும். அதில் என்ன பேசியிருந்தார் என்று இனி யாருக்கும் தெரியாது. அது எங்கள் அவசரத்தால் போனது.

மிச்சத்தை அந்தப் பிள்ளையின் வீட்டில் எல்லாருமாக இருந்து கேட்டோம். ஒரு பக்கம் முழுதும் மூத்தம்மா பேசுகிறார். ஆடு குட்டி போட்டது, கூரைக்குத் தகரம் வாங்கக் காசு காணாது, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டது, பக்கத்து வீட்டு மாமி தண்ணிக் குடத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. இடையில் ஒரு பிள்ளை அழுகிறது. அந்தப் பிள்ளைதான் எங்கள் மாணவியின் வாப்பா. பின்னால் தூரத்தில் பாங்கு சொல்லுகிறார்கள். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, பாங்கு முடிந்த பிறகு தொடர்கிறார். முடிக்கும்போது சொல்லுகிறார்: "மத்தப் பக்கத்துல நோம்புக்கு ரேடியோல போன ஸஹர் நிகழ்ச்சியப் புடிச்சி வெச்சிரிக்கன். அங்க இது கேக்க ஏலாதே. கேட்டுக்கிட்டு ஸஹர் செய்ங்க."

மற்றப் பக்கத்தைத் திருப்பினோம். ரேடியோ. கரகரத்த சத்தம். ஆனாலும் விளங்குகிறது. இடையில் சட்டி வைக்கும் சத்தமும், ஒரு முறை அவருடைய இருமலும் கேட்கிறது. அந்த நிகழ்ச்சி வேறு எங்காவது பாதுகாக்கப்பட்டிருக்கிறதோ இல்லையோ, இந்த பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது.

மூத்தாப்பாவுக்கு இப்போது எழுபதுக்கு மேலே. முழுதையும் பேசாமல் கேட்டார். முடிந்ததும், "அந்தக் குடத்த நாந்தான் பொறகு போய் வாங்கினன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டிலிருந்து வந்த பிறகுதான் இந்தப் பதிவை எழுத வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

நம் சமூகத்தின் பேச்சு எங்கே பதிவாகியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வானொலியில் பேசியவர்கள் நல்ல செந்தமிழில் பேசினார்கள். அது தேவைதான், அவர்களிடமிருந்துதான் நாங்களெல்லாம் உச்சரிப்புப் படித்தோம். நம்முடைய பேச்சுத்தமிழ் வானொலியில் பெரும்பாலும் சிரிக்க வைக்கத்தான் வந்தது. 'மரிக்கார்' என்று பெயர்பெற்ற எஸ். ராம்தாஸ் நகைச்சுவை நாடகத்தில் அப்படிப் பேசி நாட்டையே சிரிக்க வைத்தார். அந்த நாடகம் 1976 இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. நாமும்தான் சிரித்தோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மூத்தம்மா தன் புருசனோடு வீட்டுக் கணக்குப் பேசும் தமிழ் எந்த நிலையத்திலும் ஒலிபரப்பாகவில்லை. அது கசெட்டில் மட்டும்தான் இருக்கிறது. அவருடைய சொற்களில் நாலைந்து எங்கள் மாணவிகளுக்கு விளங்கவில்லை. ஒரு தலைமுறை இடைவெளி, அவ்வளவுதான்.

தாலாட்டு, பொல்லடிப் பாட்டு, மௌலூது வீடுகள், கலியாண வீட்டுக் குரவை, ஊர்ப் பெரியார்களின் பேச்சு, மீலாத் போட்டியில் பேசிய பிள்ளைகள், வயலுக்குள் பாடிய பாட்டு எல்லாம் யாரோ ஒருவருடைய அலுமாரிக்குள், மூடி உடைந்த கசெட்டுகளில் கிடக்கிறது. நம்முடையது கடற்கரை ஊர். உப்புக் காத்து, ஈரம், வெக்கை. நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். காந்தப் பூச்சு உதிரும். கசெட்டைப் போடும் கருவியும் இல்லை, திருத்தும் நானாமாரும் வயசாளிகள். பத்து வருடம் கழித்து யாருக்காவது ஞானம் பிறந்து தேடினால், பிளாஸ்டிக் கூடுதான் மிஞ்சும்.

இதற்கு மறுப்பாக மூன்று கதைகள் வரும் என்று தெரியும். எங்கள் ஸ்டாப் ரூமிலேயே வந்தன.

ஒன்று, "இதெல்லாம் பழைய பஞ்சாங்கம். பிள்ளைகளுக்கு சோதினைக்கு உதவாது." சோதினைக்கு உதவாதுதான். ஆனால் தன் மூத்தம்மாவின் ஒரு நிமிசப் பேச்சை எழுத்தில் எடுத்த அந்தப் பிள்ளை, கட்டுரை எழுதச் சொன்னால் முதன்முறையாகத் தன் சொந்தச் சொல்லில் எழுதினாள். தமிழ்ப்பாட ஆசிரியர்கள் இதன் பெறுமதியை அறிவார்கள்.

இரண்டாவது, "பெண்களுடைய குரல். பாட்டு, இசை. இதையெல்லாம் பரப்பலாமா?" இது மதிக்க வேண்டிய கேள்வி. பரப்பச் சொல்லவில்லை. பாதுகாக்கச் சொல்கிறோம். வீட்டுக் கசெட் வீட்டுக்காரருடையது. அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு நொடி கூட வெளியே போகக்கூடாது. மேலே எழுதிய கதையைக் கூட அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடிதான் எழுதியிருக்கிறோம். சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஷெய்க் ரிஃப்அத் கேட்டுவிட்டுத்தான் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார்.

மூன்றாவது, "அரசாங்கம் செய்யட்டும். வானொலி செய்யட்டும்." செய்ய வேண்டும்தான், கேட்கவும் வேண்டும். ஆனால் உங்கள் உம்மாவின் கசெட்டை எந்த அரசாங்கமும் வந்து தேடாது. நாசாவே தன் நாடாவைத் தொலைத்தது.

இனி வேண்டுகோள். சின்ன வேலைகள்தான்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுமாரியின் மேல்தட்டையும் பழைய பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கசெட் இருந்தால் எறிய வேண்டாம், பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்க வேண்டாம்.

கிடைத்ததும் போட்டுப் பார்க்காதீர்கள். எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். கசெட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் தவறுதலாக அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். அதற்குள் காந்தம் இருக்கிறது.

ஒரு தாளில் யாருடைய குரல், எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருடம், எதற்காகப் பதிந்தது என்று எழுதி ரப்பர் பேண்ட் போட்டு அதனோடேயே வையுங்கள். இதுதான் மிக முக்கியம். குரல் யாருடையது என்று சொல்லக்கூடியவர்கள் இப்போது உயிரோடு இருக்கிறார்கள்.

கொம்பியூட்டருக்கு மாற்றுவது பெரிய வித்தையில்லை. சுத்தம் செய்த ஒரு நல்ல டேப் ரெக்கோடர், ஒரு வயர், ஒரு லெப்டொப். அறுபது நிமிசக் கசெட்டுக்கு அறுபது நிமிசம் எடுக்கும். குறுக்கு வழி கிடையாது. மாற்றியதை இரண்டு இடத்தில் வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் போதும் என்று இருக்காதீர்கள். போன் மாறினால் அதுவும் போகும்.

எங்களிடம் இப்போது திருத்திய டேப் ரெக்கோடர் ஒன்று இருக்கிறது. அந்த நானா அதையும் சரிசெய்து தந்தார். சனிக்கிழமைகளில் காலையில் பாடசாலையில் இருப்போம். அதிபரிடம் அனுமதி எடுத்திருக்கிறோம். கசெட்டோடு நீங்களும் வாருங்கள், பக்கத்திலேயே இருங்கள், மாற்றியதையும் கசெட்டையும் கையோடு கொண்டுபோங்கள். எங்களிடம் ஒரு பிரதியும் வைக்கமாட்டோம், நீங்கள் விரும்பினாலன்றி. தரம் 9, 10 பிள்ளைகள் கை உதவி செய்வார்கள். வேலை செய்யும் டேப் ரெக்கோடர் யாரிடமாவது சும்மா கிடந்தால் தந்து உதவுங்கள். ஒன்று போதாது.

கசெட் இல்லாத வீடுகளுக்கும் வேலை இருக்கிறது. மூத்தாப்பாவோ மூத்தம்மாவோ உயிரோடு இருந்தால், இன்றைக்கு இரவு போனை மேசையில் வைத்துப் பத்து நிமிசம் பேச விடுங்கள். பேட்டி எடுக்கப் போகாதீர்கள். சின்ன வயசில் ரேடியோ இருந்த வீடு எது என்று மட்டும் கேளுங்கள். மிச்சம் தானாக வரும்.

குழுவில் கேட்ட அந்தக் காக்காவுக்கு: நாட்டின் பெருமையைக் குறைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. உங்கள் வாப்பா ஊர்க் கூட்டங்களில் நல்லாப் பேசுவார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சு யாரிடமாவது கசெட்டில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். சனிக்கிழமை காத்திருப்போம்.

நம்மை விட்டுப் போனவர்களின் கப்றுகளை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. இருப்பவர்களின் குரலைக் கேட்கும் பொறுமையை நமக்குத் தருவானாக. ஆமீன்.

வாசித்தவர்கள் மற்றவர்களுக்கும் அனுப்பி வையுங்கள். முக்கியமாக, பழைய பெட்டி உள்ள வீடுகளுக்கு.